காலைக் கோப்பி இல்லாமல் வைகைக் கரையில் ஐந்து நாள்

மதுரையில் ஐந்து நாள் தங்கிவிட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாமல் திரும்பிய ஒரே தமிழச்சி நானாகத்தான் இருப்பேன். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் எதிர்வீட்டு அக்கா இதைக் கேட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். "அப்புறம் எதுக்குத்தான் போனே?" என்றார். தண்ணீர் பிடிக்கப் போனேன் என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உண்மையில் அதற்குத்தான் போனேன். நான் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கிருமி, உப்பு, இரும்பு என்று பார்க்கிற பழைய சோதனைகள் என் மேசைக்கு வருவதில்லை. நாம் விழுங்கும் மாத்திரை, பூசும் தைலம், கொசு விரட்டி, வாசனைத் திரவியம், குடிக்கும் கோப்பி எல்லாம் உடம்பை விட்டு இறங்கிச் சாக்கடை வழியாக ஆற்றில் கலக்கின்றன. அதில் கொஞ்சம் சுத்திகரிப்பு நிலையத்துக்கே டிமிக்கி கொடுத்துவிட்டுக் குழாய் வரை வந்து சேர்கிறது. அளவு மிகமிகக் குறைவு. ஆனாலும் ஆயுசு முழுக்கக் குடிக்கிற தண்ணீர் அல்லவா? அந்த மிச்சங்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை.

மதுரைக்கு மேற்கே, கோச்சடையைத் தாண்டி, வைகையை ஒட்டி ஒரு சின்னக் குடிநீர் நிலையம் இருக்கிறது. அலுவலகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்; எழுதவில்லை. அங்கே வழக்கமான மணல் வடிகட்டிக்கு அப்பால், தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய உயரமான தொட்டி ஒன்றைச் சோதனைக்காக நிறுத்தியிருந்தார்கள். மருந்து மிச்சங்களைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அவர்கள் முதலில் அனுப்பிய தண்ணீரை நான்தான் சோதித்தேன். மற்ற எல்லாம் கரியில் நன்றாகக் குறைந்திருந்தன. வலி மருந்து ஒன்று மட்டும், கரிக்குள் போகும்போது இருந்ததைவிட வெளியே வரும்போது பல மடங்கு கூடியிருந்தது. போத்தலில் ஒட்டிய சீட்டு மாறிப்போயிருக்குமோ என்று மறுபடியும் கருவியில் ஓட்டிப் பார்த்தேன். அதே கதை. நேரில் போய் நீயே எடுத்து வா என்று என்னை அனுப்பினார்கள். இந்த முறையும் இப்படியே வந்தால் தொட்டியைக் கழற்றிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த வேலைக்குச் சில விரதங்கள் உண்டு. சோதனைத் தண்ணீரைப் பிடித்து முடிக்கும் வரை முகத்துக்குக் கிரீம் கூடாது. கொசு விரட்டி கூடாது. தலைவலித் தைலம் கூடாது. கோப்பி கூடவே கூடாது. அதிலுள்ள காஃபீனும் நாங்கள் தேடும் பொருள்களில் ஒன்று. கையில் ஒரு சொட்டு பட்டிருந்தாலும் கருவி கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் கோப்பி குடிக்காத என்னை யாரும் மனுஷியாக மதிக்க முடியாது. என் கணவர் இதை எழுத்து மூலமாகவே தரத் தயாராக இருக்கிறார்.

முதல் நாள் ஊருக்குப் பழகுவதில் போயிற்று. தங்கியிருந்த லாட்ஜில் வீட்டு ஞாபகத்தில் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டேன். சிங்கப்பூரில் அப்படித்தான் குடிக்கிறோம். சாவி கொடுக்க வந்த மேலாளர் பார்த்துவிட்டார். "ஆத்தாடி! கொழாத்தண்ணிய அப்பிடியேவா குடிச்சீக?" என்று பதறி, கேன் தண்ணீரை அவரே தூக்கிவந்து வைத்தார். ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதிப்பவள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயந்திரம் தெருமுனைக் கடையில் இட்லி சாப்பிட்டேன். ஐந்து வகைச் சட்னி. இலையில் இட்லிக்கு இடம் இல்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தபோது கடைக்காரர் கேட்காமலே இன்னும் இரண்டு வைத்தார். "இம்புட்டு தூரம் வந்துட்டு நாலு இட்லியோட எந்திரிச்சா எப்பிடிக்கா?" என்றார். நான் வெளியூர் என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சட்னியப் பாத்துப் பயந்தீகள்ல" என்றார்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு நிலையத்தில் இருந்தேன். கொசு கடித்த கைகளும் கோப்பியில்லாத மண்டையிடியுமாகப் போய் இறங்கினேன். உதவிப் பொறியாளர் சுபாஷினி ஸ்கூட்டரில் எனக்கு முன்பே வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். நகரத்தின் மறுகோடியில் ஒத்தக்கடையில் வீடு. தினமும் ஊரையே குறுக்கே கடந்து வருகிறார். இந்தக் கரித் தொட்டியை வாதாடி வாங்கியவர் அவர்தான். பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "இவங்கதான் ஒச்சப்பன் அண்ணன். பிளாண்ட்டே இவங்க கையிலதான் ஓடுது" என்றார்.

ஒச்சப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள். வெள்ளையாய் வெளுத்த காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு. தண்ணீரைத் திறந்து மூடும் இரும்புச் சக்கரங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அவர்கள் வால்வு என்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு அவர் அவற்றைத் திறந்தால்தான் மேற்கு மதுரையின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் போகும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே வேலை. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். சிரிக்கவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு, தேன் நிறக் கண்ணாடிப் போத்தலைத் திறந்தேன். எங்கள் ஊரில் போத்தல், அங்கே பாட்டில். ஒச்சப்பன் முன்னால் வந்து, கரித் தொட்டியின் குழாயடியில் கையை நீட்டினார். நான் தடுத்தேன்.

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத் தாரேன் மேடம்."

"வேணாம் சார். யாரும் தொடக்கூடாது."

"நாங் குடிச்சுப் பாக்காம இங்கருந்து ஒரு பாட்டில் வெளிய போனதில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் முகம் சுண்டிவிட்டது. சமையலறையில் வீட்டுக்காரியை உப்புப் பார்க்க விடாமல் நகர்த்தியதுபோல எனக்கே சங்கடமாக இருந்தது. விதி விதிதான். புனல் வைத்துப் பிடித்து, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்த பிறகு கைகாட்டினேன். அவர் உள்ளங்கையைக் குவித்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். பிறகு அதே கையால் குழாயின் வாயைத் துடைத்துவிட்டுப் போனார். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் அவர் இதைச் செய்யவில்லை. அது குடிக்கிற தண்ணீர் இல்லையே என்று பின்னால் கேட்டபோது சொன்னார்.

பதினோரு மணிக்குக் கோப்பி கிடைத்தது. பித்தளை டம்ளரில், நுரையோடு. இரண்டு குடித்தேன். அதற்குப் பிறகுதான் சுபாஷினி ஒரு காகிதத்தை நீட்டினார்.

"உங்ககிட்ட காட்டலாமா வேணாமான்னு யோசிச்சேன் மேடம். அண்ணனுக்கு வந்த மெமோ."

வாங்கிப் படித்தேன். 'ஆய்வுக்கூட அறிக்கையில் கரிப்படுகையின் பராமரிப்பு சரிபார்க்கப்பட வேண்டும் எனத் தெரிவிக்கப்பட்டுள்ளதால், உரிய காலத்தில் கரியைக் கழுவத் தவறிய தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது' என்று ஆரம்பித்து, ஒச்சப்பனின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், பணி எண் எல்லாம் போட்டிருந்தது.

அந்த அறிக்கையை எழுதியது நான். கடைசிப் பக்கத்தில், காரணம் புரியாத எரிச்சலில், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் அவசரமாகத் தட்டிய ஒரு வாக்கியம். கரி சரியாகக் கழுவப்படாமல் பழைய மருந்தைத் திருப்பிக் கக்குகிறதோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத ஒருவர் தலையில் அது போய் விழும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

"கழுவத் தவறினாரா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் தவறல மேடம். நோட்டு இருக்கு, நானே கூட நின்னிருக்கேன். ஆனா மெஷினே சொல்லுதுங்குறாங்க. மெஷின எதுத்து நோட்டக் காட்டி என்ன பண்றது?"

மூன்றாம் நாள் எழுமலைக்குப் போனோம். மருந்து வாடையே படாத தண்ணீர் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. போத்தலோ பயணமோ தண்ணீரைக் கெடுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எழுமலைப் பக்கம் தன் அண்ணன் தோட்டத்துக் கிணறு இருக்கிறது, ஊருக்கு ஒதுங்கின இடம் என்று ஒச்சப்பனே சொன்னார். அலுவலக ஜீப் எங்கோ போயிருந்தது. பேருந்தில் கிளம்பினோம்.

ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் நடத்துநர் மூக்கைச் சுருக்கினார். "மீனுன்னா பின்னாடி கொண்டுபோய் வைங்கக்கா."

தண்ணீர் பிடிக்கக் காலிப் போத்தல்கள் என்றேன். அவர் நம்பவில்லை. திறந்து காட்டினேன். ஐஸும் காலிப் போத்தலும் பார்த்துவிட்டு, "காலி பாட்டிலுக்கு எதுக்குக்கா ஐஸு?" என்றார். பக்கத்து இருக்கைப் பெரியவர், "ஏதாச்சும் ஆஸ்பத்திரிச் சமாச்சாரமா இருக்கும், கேக்காதப்பா" என்று இரகசியக் குரலில் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு முழுப் பேருந்தும் மரியாதை கொடுத்தது.

எங்கள் ஊரில் பேருந்து இரண்டு நிமிடம் தாமதித்தால் தொலைபேசியில் புகார் செய்வோம். இங்கே உசிலம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்து நின்றேவிட்டது. யாரும் முறையிடவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "ஆம்பளயாளுக எறங்கி ஒரு கை குடுங்கப்பா" என்றார். எல்லோரும் கல்யாண வீட்டுப் பந்திக்கு எழுவதுபோலச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

ஒச்சப்பனும் இறங்கினார். மற்றவர்கள் கையை ஊன்றித் தள்ள, அவர் மட்டும் திரும்பி நின்று முதுகைக் கொடுத்துத் தள்ளினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர், "என்ன மாமா, தள்ள வந்தீகளா, முதுகு சொறிய வந்தீகளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சப்பனும் சிரித்தார். பேருந்து பத்தடி உருண்டு, இருமி, மறுபடியும் நின்றது. மெக்கானிக் வரட்டும் என்றார்கள்.

புளியமர நிழலில் பெட்டியோடு உட்கார்ந்தேன். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சாலையோரச் சர்பத் வண்டிக்காரரிடம் ஐஸ் கேட்டேன்; ஒரு பாளத்தைச் சாக்கில் வைத்து உடைத்துக் கொடுத்தார். கூடவே நன்னாரி சர்பத்தும் குடிக்கவைத்தார். திரும்பி வந்தபோது ஒச்சப்பன் மரத்துக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து, மூடியைப் பல்லால் திருகினார். மருந்தை வலது கட்டைவிரல் அடியிலிருந்து உள்ளங்கை முழுக்கத் தேய்த்தார். காற்று என் பக்கம் அடித்தது. காரமான வாசனை.

"கைல என்னண்ணே?" என்றேன். அதுவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அப்படி வாயில் வந்தது.

டியூபை மறைக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். "வெளிய சொல்லிராதீக மேடம். வால்வத் திருகித் திருகி இந்த வெரல் செத்துப்போச்சு. ஒரு வருசமா இப்பிடித்தேன். காலைல இதத் தேச்சுட்டுத்தேன் சக்கரத்தத் தொடுறது. இல்லன்னா அசைக்க முடியல."

"ஆபீஸ்ல சொல்லலையா?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சர்ட்டிபிகேட் வாங்கச் சொல்லுவாக. கை ஆகாதுன்னு எழுதிப்புட்டா அம்புட்டுத்தேன். வால்வுகிட்ட விடமாட்டாக. ஒரு மூலைல நாற்காலியப் போட்டு உக்காத்தி வச்சிருவாக."

அந்த டியூபைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடியைக் கழற்றி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். முதலில் இருந்த மருந்தின் பெயர் என் பட்டியலிலும் இருக்கிற பெயர். கரித் தொட்டிக்கு அப்பால் பல மடங்கு கூடியிருந்த அதே மருந்து.

டியூபைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு, போன முறை எங்களுக்கு அனுப்பிய தண்ணீரை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று காற்றில் செய்து காட்டினார். ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் சின்ன ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். போத்தலுக்குள் விட்டால் தானாக நிறையும். கரித் தொட்டியின் குழாய் பெரிது, போத்தலின் வாய் சின்னது. "அதுனால மொதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு, கையக் குவிச்சு இப்பிடி வச்சுக்குருவேன். கை வழியா பாட்டிலுக்குள்ள எறங்கிரும். ஒரு சொட்டு சிந்தாது." குவித்த வலது கையைப் பெருமையோடு என் முன்னால் நீட்டினார். மருந்து பளபளத்தது.

கையில் தேய்த்த மருந்துதான் போத்தலுக்குள் இறங்கியிருக்கிறது என்பதை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். கூடாதவை என்ற பட்டியல் போத்தல்களோடு அவர்களுக்கும் போயிருந்தது. ஆங்கிலத்தில். நான் அனுப்பியதுதான். அவரிடம் சென்ட், பவுடர் போடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதெல்லாம் போடுகிறவர் இல்லை. மருந்து என்பது நல்லதுக்குப் போடுவது. அது எப்படிக் கெடுதியாகும்?

"அப்ப, தண்ணியக் கெடுத்தது நாந்தானா?" என்றார்.

"தண்ணிய இல்லண்ணே. அந்த ஒரு பாட்டில மட்டும்."

அவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். சர்பத் வண்டிக்காரரிடம் போய்த் தண்ணீர் வாங்கிக் கழுவினார். அந்தக் கை எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருக்கலாம்.

ஒருவழியாகப் பேருந்து கிளம்பி, வேறு பேருந்து மாறி எழுமலை போய்ச் சேர்ந்தோம். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கிணறு. அவர் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டார். நான் கையுறையோடு தண்ணீர் பிடித்து முடிக்கும் வரை ஒச்சப்பன் பத்தடி தள்ளி நின்றார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

மத்தியானம் அவருடைய மதினி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் மென்றதைப் பார்த்து வீடே சிரித்தது. ஒச்சப்பன் மட்டும் சாப்பிடவில்லை. "என்ன கொழுந்தனாரே, உருட்டிக்கிட்டே இருக்கீக?" என்றார் மதினி. பேருந்து தள்ளின அலுப்பு என்றார் அவர்.

திரும்பும் வழியில் ஒரு யோசனை சொன்னேன். போன முறை பிடித்த தண்ணீரில் வெளிப்பொருள் கலந்துவிட்டது என்று பொதுவாக எழுதிவிடுகிறேன். கை, டியூப் எதுவும் வராது. கரித் தொட்டி தப்பிக்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பாட்டில்ல பிடிச்சது யாருன்னு கேப்பாகள்ல?" என்றார். கேட்பார்கள்தான். அப்போது கரியைக் கழுவாதவர் என்பது போய், அசுத்தக் கையோடு பிடித்தவர் என்றாகும்.

நான்காம் நாள் காலை நான் போனபோது சுபாஷினியின் மேசையில் அந்த டியூப் இருந்தது. எதிரே ஒச்சப்பன் நின்றார்.

"மெமோவுக்குப் பதில் கேட்டீகள்ல மேடம். இந்தா இருக்கு" என்றார்.

சுபாஷினி என்னைப் பார்த்தார். நான் விவரத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். தொட்டி பிழைத்தது என்பது அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உடனே ஒச்சப்பனின் கையைப் பார்த்தார். சந்தோஷம் போய்விட்டது. "ஏண்ணே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

வாயால் சொன்னால் போதாது, கருவியும் சொல்ல வேண்டும். அதனால் அன்று இரண்டு விதமாகப் பிடித்தோம். முதலில் நான், கையுறையும் புனலுமாக. பிறகு ஒச்சப்பன், வழக்கம்போல மருந்தைத் தேய்த்துக்கொண்டு, வழக்கம்போல ஒரு வாய் குடித்துவிட்டு, வழக்கம்போலக் கையைக் குவித்து. "தெரிஞ்சே செய்யணுமா மேடம்?" என்று ஒரு தடவை கேட்டார். செய்தால்தான் நிரூபணம் என்றேன். போத்தல் நிறைந்தது. அவர் சொன்னதுபோல ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஒவ்வொரு போத்தலோடும் ஒரு படிவம் போகும். பிடித்தவர் பெயர், அவர் உடம்பில் பூசியிருந்தவை என்று கட்டங்கள். சுபாஷினி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பேரு வேணாம்ண்ணே. பணியாளர்னு மட்டும் போட்டுக்கலாம். இதப் பாத்தா மேல என்ன செய்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

ஒச்சப்பன் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "மெமோவுல பணியாளர்னா போட்டிருந்தாக? எம்பேரு, எங்கப்பா பேரு எல்லாம் இருந்துச்சுல்ல. அதே மாதிரி இதுலயும் முழுசாப் போடுங்க" என்றார். பிறகு பேனாவை அவரே வாங்கிக்கொண்டார். அந்த விரலால் எழுத நெடுநேரம் ஆனது. நாங்கள் இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மதியம் இரண்டு டம்ளர் கோப்பி வந்தும் ஒன்றைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. சாயந்திரம் சுபாஷினி என்னைப் பருத்திப்பால் குடிக்கக் கூட்டிப்போனார். சுக்கும் கருப்பட்டியுமாக நன்றாகத்தான் இருந்தது. கோயிலைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். அந்த மனநிலையில் எனக்குக் கூட்டத்துக்குள் போகத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் விமான நிலையத்தில் ஐஸ் பெட்டியைப் பார்த்து அதிகாரி ஒருவர் கேட்டார்: "எங்க ஊருத் தண்ணியவா மேடம் சிங்கப்பூருக்குக் கொண்டுபோறீங்க?" ஆமாம் என்றேன். காகிதங்களைப் புரட்டினார். ஒச்சப்பனின் கையெழுத்து வந்ததும் நிறுத்தினார். "இந்தாளு யாரு, இம்புட்டு அழுத்தி எழுதியிருக்காரு?" என்று சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

முடிவுகள் வந்தபோது எனக்கு வியப்பு எதுவும் இல்லை. ஆற்றுத் தண்ணீரில் வலி மருந்து கொஞ்சம் இருந்தது. அது உண்மையாகவே இருந்தது, ஊரில் பலருக்கும் வலி இருக்கும்தானே. கரித் தொட்டியைத் தாண்டி நான் பிடித்த தண்ணீரில் கருவிக்கு அது தென்படவே இல்லை. கிணற்றுத் தண்ணீரும் சுத்தம். ஒச்சப்பன் பிடித்த போத்தலில் மட்டும் கருவியின் வரைபடத்தில் முதல் தடவை வந்த அதே மலை. பழைய வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன், அது தவறு, எழுதியவள் நான் என்று என் பெயரையும் முழுதாகப் போட்டு அறிக்கை அனுப்பினேன். கூடாதவை பட்டியலைத் தமிழில் எழுதி இணைத்தேன். தைலம், வலி மருந்து என்பதை முதல் வரியில் வைத்தேன்.

மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். தொட்டி நிற்கிறது, இன்னும் ஒரு வருடம் சோதனை. இரண்டையும் சொன்ன சுபாஷினி மூன்றாவதைச் சொல்லத் தயங்கினார். ஒச்சப்பனை மருத்துவச் சோதனைக்கு அனுப்பி, கை ஆகாது என்று சான்றிதழ் வந்து, சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த விரலுக்கு அதுதான் நல்லது என்று மருத்துவர் சொன்னாராம். சரியாகவே இருக்கலாம்.

எண் வாங்கி அவரைக் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அவர் விடவில்லை.

"தண்ணி எப்பிடி மேடம்? எனக்கு யாரும் வெவரமாச் சொல்லல."

"கரியத் தாண்டி வந்த தண்ணி சுத்தம்ண்ணே. ஒண்ணுமே இல்ல."

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டில் யாரிடமோ அவர் சத்தமாகச் சொல்வது கேட்டது: "ஏய், தண்ணி சுத்தமாம்! சிங்கப்பூர்ல சொல்றாக!" அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திரும்பி வந்ததும் கையைப் பற்றி விசாரித்தேன்.

"வலி விட்டுப்போச்சு மேடம். டியூபே வாங்குறதில்ல" என்றார். "ஆனா நாலரைக்கு முழிப்பு வந்துருது. சைக்கிள எடுக்கப் போயிட்டு, அப்பறம் ஞாபகம் வந்து திரும்பி வாரேன். அஞ்சு மணிக்கு வீட்டுக் கொழாயத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன். தண்ணி வந்துட்டா, சரி, யாரோ தொறந்துட்டாகன்னு போயிப் படுத்துக்கிருவேன்."